என் முத்திரையை மட்டும் நம்பியவள்

இது நடந்து நான்கு வருடங்கள் இருக்கும். கோலா சிலாங்கூர் பட்டணத்திலிருந்து உள்ளே இருபது நிமிடம் போனால், செம்பனைக் காட்டுக்கு நடுவே எங்கள் தோட்டக் குடியிருப்பு இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லயத்து வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, சுற்றிலும் தகர வேலி அடித்து, வேலி மேல் புதிதாக வரப்போகும் பங்களா வீடுகளின் வண்ணப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு சிரிக்கிற குடும்பம் எங்கள் ஆட்கள் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அப்போது நான் அந்தக் குடியிருப்பின் தலைவி. ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் எண்ணெய் ஆலையில், செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுக் கணக்கு எழுதுகிற கிராணி வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்த பிறகுதான் தலைவி. மாநில அரசு என்னை நியமித்திருந்தது. நியமனக் கடிதத்தோடு ஒரு ரப்பர் முத்திரையும் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதை 'சாப்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க, நல உதவிக்கு மனுப் போட, மின்சார மீட்டர் பெயர் மாற்ற என்று எதற்குப் போனாலும், இவர் இங்கே குடியிருப்பவர்தான் என்று தலைவர் எழுதி சாப் போட்ட கடிதம் வேண்டும். அதற்காக எல்லாரும் என் வாசலில் வந்து நிற்பார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முத்திரை என் தலைக்கு ஏறிவிட்டது. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும். "தாலிக்கொடிய மறந்துட்டு வந்தாலும் வருவ, சாப்ப மறந்துட்டு வரமாட்டலா நீ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு தங்கச்சி இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்குத் தங்கச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது அவள் வேலை. அவள் புருஷன் குலை வெட்டுகிறவராக இருந்தவர். சர்க்கரை நோயில் காலில் புண் வந்து, அது ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. அந்த நேரத்தில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, டாக்டர் சொன்னதை அவளுக்குப் புரிய வைத்தது, பிறகு நல உதவிக்கு எழுதி வாங்கிக் கொடுத்தது எல்லாம் நான்தான். அன்றிலிருந்து நான் ஒன்று சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அவள் வீட்டு முருங்கையில் கீரை ஒடித்தால் முதல் பிடி என் வீட்டுக்கு வந்துவிடும்.

தோட்ட நிலத்தைக் கம்பெனி விற்றுவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரே கவலை, வீடு. நல்லவேளையாக, பெரிய சாலையோரம் ஒரு துண்டு நிலத்தில் எங்களுக்கு வரிசை வீடு கட்டித் தருவதாக முடிவானது. மலேசியாவில் நிலம் என்றால் அது மாநிலத்தின் அதிகாரம். அந்த நிலத்தை ஒதுக்கியது மாநிலம். வீட்டைக் கட்டுவது மத்திய அரசின் திட்டம். இத்தனை வருடமாக இந்தக் குடியிருப்பில் வாழ்கிறவர் என்று என் சாப் போட்ட கடிதம் இருந்தால், பெயர் பட்டியலில் ஏறும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கடைசி வீட்டுத் தங்கச்சியின் கடிதத்தில் கொஞ்சம் கூடுதலாகவே எழுதினேன். கணவருக்குக் கால் இல்லை, படி ஏற முடியாது, தரை வீடு கட்டாயம் வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டியிருந்தேன்.

அப்புறம் மத்தியில் ஆட்சி மாறியது. மாநிலத்தில் மாறவில்லை. மேலே ஒரு கூட்டணி, இங்கே வேறு கூட்டணி. இரண்டுக்கும் ஆகாது. பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டால் நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றே மாதத்தில் அந்தச் சண்டை எங்கள் லயத்துக்குள்ளேயே வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

தோட்டக் குடியிருப்புகளின் நிர்வாகத்தை இனி மத்திய அரசின் இலாகாவே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும், மாநிலம் நியமித்த தலைவர்களை அது ஏற்காது என்று உத்தரவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதிகாரி ஒருவர் வேனில் வந்தார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தாமல், என்னிடம் இருந்த குடியிருப்பு மண்டபத்தின் சாவியைக் கேட்டார். நான் உடனே மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கொடுக்காதீர்கள், உங்களை நியமித்தது நாங்கள், நீங்கள்தான் தலைவி என்று சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, தர முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை ஆளனுப்பிப் பூட்டையே மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மத்திய அரசு புதுத் தலைவரை நியமித்தது. சொந்தமாக ஒரு லோரி வைத்து மணல், செங்கல் ஏற்றுகிற தம்பி அவன். எங்கள் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் இரண்டு வருடமாக அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்று ஆரம்பித்த சண்டை, ஒலிபெருக்கியில் ஒருவரை ஒருவர் குத்திக் காட்டுகிற அளவுக்குப் போய், அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கும் ஒரு சாப் கொடுத்தார்கள். என்னுடையது வட்டம், அவனுடையது சதுரம்.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் எல்லாமே இரண்டிரண்டாக நடந்தது. இரண்டு அறிவிப்புப் பலகை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு துப்புரவுப் பணி. ஒரே கால்வாயின் இந்தக் கரையில் நான் ஆள் வைத்துப் புல் வெட்டுவேன், அந்தக் கரையில் அவன் வெட்டுவான். தீபாவளிக்கு இரண்டு பேரும் அன்பளிப்புப் பை கொடுத்தோம். என்னிடம் வாங்கிக்கொண்டு அவனிடமும் போய் வாங்கினார்கள். அவனிடம் சிரித்துவிட்டு வந்து என்னிடமும் சிரித்தார்கள். எனக்குக் கோபமாக வரும். இப்போது யோசித்தால் அவர்கள்மேல் தப்பே இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பாலோடு வந்த பழக்கம். வேலை வாங்குகிற மண்டோர் ஒன்று சொல்வார், கிராணி வேறு சொல்வார், துரை வந்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். எல்லாருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, எதில் நமக்கு ஆபத்தில்லையோ அதைச் செய்துகொள்ள வேண்டும். என் அப்பாவும் அப்படித்தான் பிழைத்தார். ஆபிசில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்த நான் அதை மறந்துவிட்டேன்.

ஒருநாள் புதுப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வீடு வேண்டுகிற எல்லாரும் புதுத் தலைவரிடம் புதுக் கடிதம் வாங்கி, மாதக் கடைசிக்குள் மத்திய இலாகாவில் கொடுக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு மதிப்பில்லையா? மண்டபத்தைப் பூட்டியிருந்ததால், என் வீட்டுக் கார் கொட்டகையில் கூட்டம் கூட்டினேன். குடியிருப்பே வந்துவிட்டது. நான் எழுந்து நின்று போட்ட சத்தம் ஆலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நெலம் மாநிலத்தோடது. பட்டியல் மாநிலத்தோடது. நேத்து வந்தவன் சாப்புக்கெல்லாம் பயந்து ஓடாதீங்க. யாராச்சும் அங்க போய் நின்னா, நாளைக்கு வேற எதுக்கும் எங்கிட்ட வராதீங்க. சொல்லிட்டேன்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆமாம் அக்கா, சரி அக்கா என்றார்கள். கடைசி வீட்டுத் தங்கச்சி மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் நின்றாள். காலையில் பழம் பொறுக்கிய கை, நகமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"அப்ப உங்க சாப் மட்டும் போதும்லக்கா?"

"போதும்னுதானே இவ்ளோ நேரம் கத்துனேன்?"

"இல்லக்கா, அவருக்கு இந்தப் படி எறங்க ஏற முடியல. வீடு கெடச்சா நல்லாருக்கும். அதான் கேட்டேன்."

"நீ நிம்மதியா போய்த் தூங்கு" என்றேன். அவளும் போனாள்.

இனிமேல் எழுதப்போவதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தக் கூட்டம் நடந்து ஐந்தாறு நாள் கழித்து, மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இளவயதுக் குரல். வீட்டுப் பட்டியல் இப்போது முழுக்க மத்திய இலாகாவின் கைக்குப் போய்விட்டது, நாங்கள் ஆட்சேபம் எழுதியிருக்கிறோம், ஆனால் பதில் வருமா என்று தெரியவில்லை, எதற்கும் உங்கள் ஆட்களை இரண்டு சாப்பும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். நான் சரி என்று போனை வைத்தேன். எடை மேடையில் லோரி ஏறி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசிவிட்டு, இப்போது போய் எப்படி மாற்றிச் சொல்வது? அந்த லோரிக்காரத் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை, நாளன்றைக்கு என்று தள்ளிப்போட்டேன். மாநிலம் எப்படியும் விட்டுக்கொடுக்காது, கடைசியில் நம் கடிதம்தான் செல்லும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதம் முடிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டியல் வந்தது. மண்டபத்துச் சுவரில் ஒட்டினார்கள். என் சாப்பை மட்டும் வைத்திருந்த ஒருவர் பெயரும் வராது என்று எனக்குள் ஒரு பயம். குடியிருப்பு முழுக்க என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கப் போகிறது என்ற நடுக்கத்தோடுதான் போனேன். முதல் பக்கத்தில் லயத்தின் முதல் வீட்டில் இருப்பவர் பெயர் இருந்தது. அடுத்த பெயரும் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பார்த்தீர்களா, என் கடிதம்தான் சென்றிருக்கிறது என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அப்போது பக்கத்தில் தங்கச்சி நின்றுகொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்று பக்கமும் முடிந்தது. மறுபடி மேலே போய் ஆரம்பித்தாள்.

"அக்கா, எங்க வீட்டுப் பேரு எந்தப் பக்கம்க்கா?"

நானும் தேடினேன். எங்கேயும் இல்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் செருப்பைப் பார்த்தார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணி ஒருத்தி மட்டும் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"நீங்க கோவிச்சுக்காதீங்க. நாங்க எல்லாரும் தம்பிக்கிட்டயும் ஒரு சூராட் வாங்கிக் குடுத்துட்டோம். எதுக்கும் இருக்கட்டும்லான்னு."

எல்லாரும் இரண்டு கடிதம் வாங்கியிருந்தார்கள். என் கொட்டகையில் தலையை ஆட்டிவிட்டு, அன்று இரவே ஒவ்வொருவராகப் போய் வாங்கியிருந்தார்கள். என் பேச்சை அப்படியே நம்பி நடந்தது அந்தக் குடியிருப்பிலேயே ஒரே ஒரு ஆள்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டியலில் என் வீட்டுப் பெயரும் இருந்தது. நான் அவனிடம் போகவில்லையே! வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான்தான் போயி வாங்கினேன். சொன்னா நீ கத்துவ. அதான் சொல்லல" என்றார். குழாயை மூடக்கூட இல்லை.

அவரை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டில் எனக்கே தெரியாமல் என்னைக் காப்பாற்ற ஒரு ஆள் இருந்தார். அவளுக்கு நான்தான் அந்த ஆளாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மத்திய இலாகாவுக்குப் போனேன். காவுன்டரில் இருந்தவர் கடிதத்தை வாங்கி, என் வட்டச் சாப்பைப் பார்த்துவிட்டு, இது மாநிலத்தின் சாப், எங்கள் பதிவில் இப்படி ஒரு தலைவரே இல்லை, இதை மாநில அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். அந்தத் தலைவரே நான்தான், உங்கள் எதிரில் நிற்கிறேன் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார், ஆனாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து நேராக, மாநில அலுவலகம் இருக்கிற ஷா ஆலமுக்குப் போனோம். உங்கள் கடிதம் முறையானதுதான், நாங்கள் ஏற்கிறோம், ஆனால் பட்டியல் எங்களிடம் இல்லையே, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். ஆட்சேபக் கடிதத்தின் நகலைக் காட்டினார்கள். அதில் குடியிருப்புகளின் பெயர் இருந்தது, அரசியலமைப்புச் சட்டப் பிரிவு எண் இருந்தது. அவள் பெயர் இல்லை.

நிலத்தை வைத்திருந்தவர்களிடம் வீடு இல்லை. வீட்டை வைத்திருந்தவர்களுக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. இந்த ஆபிசுக்கும் அந்த ஆபிசுக்கும் இப்படி ஆறு தடவை போயிருப்போம். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டை நகல், புருஷனின் ஆஸ்பத்திரி அட்டை, வீட்டு மின்சார ரசீது எல்லாம் அடுக்கி எடுத்து வருவாள். யாரும் அந்த உறையைத் திறந்து பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த லோரிக்காரத் தம்பியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்தத் திருவிழாச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"அக்கா, அந்த அக்கா வீட்டுக்கு நான் ரெண்டு தடவ போனேன். சாப் போட்டுத் தர்றேன், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். 'அக்கா வேணாம்னு சொல்லிருச்சு தம்பி, அது மொகத்துல நான் எப்படி முழிக்கறது'ன்னு சொல்லிருச்சு. ரெண்டாவது தடவ தண்ணி குடுத்து அனுப்பிருச்சு."

"எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க எங்கூடப் பேசுறீங்களா?"

அவன் அந்த நிமிடமே கடிதம் எழுதிச் சதுரச் சாப் போட்டுக் கொடுத்தான். தன் வேலையை விட்டுவிட்டு எங்களோடு இலாகாவுக்கும் வந்தான். காவுன்டரில் அவனும் கெஞ்சினான். பட்டியல் மூடியாகிவிட்டது, இனி யாரையும் சேர்க்க முடியாது, அடுத்த திட்டம் வந்தால் மனுப் போடுங்கள் என்றார்கள். வாசலில் வந்து நின்றபோது, "நானும் சும்மா ஒரு சாப்புதான்க்கா" என்றான். அவன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எப்போது போனது என்றே தெரியவில்லை. போய் என்ன பிரயோஜனம்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். மறுநாள் சாயங்காலம்தான், "ஒனக்கு மனசு அப்படித்தான் சொல்லுதுன்னா குடு" என்றார். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஒருவர் பெயருக்கு வந்த வீட்டை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வேண்டாமென்றால் அது காத்திருப்போர் வரிசைக்குப் போகும் என்றார்கள். அந்த வரிசையிலும் அவள் இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு வருத்தம் வந்தது நிஜம். அதற்கு முன்னால், ஒரு விநாடி, அப்பாடா என்று மூச்சு வந்ததும் நிஜம்.

லயத்தை இடிக்க இயந்திரம் வருவதற்கு முந்தின வாரம் எல்லாரும் சாமான் கட்டினோம். நாங்கள் எல்லாரும் ஒரு பக்கம், அவர்கள் இருவர் மட்டும் இன்னொரு பக்கம். ராசா என்ற ஊரில் புருஷனின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை கிடைத்திருந்தது. தம்பி தன் லோரியைக் கழுவி எடுத்து வந்து சாமான்களை ஏற்றினான். காசு வாங்கவில்லை. அவள் புருஷனை முன்சீட்டில் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் என் பக்கமும் திரும்பவில்லை, லயத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஏறப் போனவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் போன் வந்தது, தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை என்று ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, அழாதே என்றேன். உண்மையில் அவள் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். மத்தியில் மறுபடியும் ஆட்சி மாறியது. மேலே இருந்தவர்களும் மாநிலத்தில் இருந்தவர்களும் கைகோத்துக்கொண்டார்கள். ஒரே மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் நியமனமும் ரத்து, தம்பியின் நியமனமும் ரத்து. வட்டமும் செல்லாது, சதுரமும் செல்லாது. அவர்கள் சமாதானமாவதற்கு ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. அவள் பெயரை ஒரு தாளில் சேர்ப்பதற்கு மட்டும் அது போதவில்லை. புது அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, அது பழைய திட்டம், அந்தக் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை என்றார்கள்.

நான் புது வீட்டில் இருக்கிறேன். மூன்று அறை, முன்னால் சின்னதாக ஒரு தோட்டம், வாசலில் படியே கிடையாது. ஒரு காலில்லாத மனிதர் சக்கர நாற்காலியில் நேராக உள்ளே வந்துவிடலாம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே இரண்டு பூந்தொட்டி வைத்தார்.

போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கழிவறை கழுவப் போகிறாளாம். விடியுமுன்னே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறதாம். புருஷனுக்கு அடுத்த காலிலும் புண் வந்துவிட்டதாம். அந்தப் பக்கம் குறைந்த விலை வீட்டுக்கு விண்ணப்பப் பாரம் கொடுக்கிறார்களாம், இரண்டு இடத்தில் இரண்டு விதமான பாரம்.

"எந்தப் பாரத்துல கையெழுத்துப் போடட்டும்க்கா? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

ஒரு குடியிருப்புக்கே கேட்கும்படி பேசிய குரல், அந்த ஒரு கேள்விக்கு மெல்லத்தான் வந்தது. இரண்டிலும் போடு என்று மட்டும் எப்படியோ சொன்னேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் பத்திரிகை வாசிக்கிறவள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து அவளுக்குச் செய்ததை நான் யாரிடம் வேண்டுமானாலும் உரக்கச் சொல்லிவிடுவேன். நான் செய்ததை அவள் ஒருத்தியிடம் சொல்ல மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.